காப்புக் கட்டியவர்களும் கனடாச் சாறும்

சதீஸ்குமார் கனடாவில் மச்சான் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தார். வந்தது என்னவோ பழைய ஆள்தான். வாயைத்தான் அங்கே மாற்றிக்கொண்டு வந்துவிட்டார் என்று பசறைக் கடைவீதியில் பேச்சு. பதுளை பஸ் பிந்தினால், "கனடால இப்படி இல்ல" என்பார். அவருடைய ஹார்ட்வெயார் கடைக்கு ஆணி வாங்கப் போனவன், கால் கிலோ ஆணிக்கு ஒரு மணி நேரம் கனடா கேட்டுவிட்டுத்தான் வெளியே வரலாம்.

அதிலும் மேப்பிள் கதை இருக்கிறதே, அப்பப்பா! மரத்தில் துளை போட்டு வாளியைத் தொங்கவிடுவார்களாம். சொட்டுகிற சாற்றைக் கொட்டிலில் வைத்துக் காய்ச்சுவார்களாம். பங்குனி வந்தால் சனம் குடும்பம் குடும்பமாக அங்கே போய்ச் சாற்றைக் குடிக்குமாம், காய்ச்சிய பாணியை ரொட்டி, அவரைக்கொட்டை என்று கண்டதிலும் ஊற்றித் தின்னுமாம், பனிக்கட்டியில் ஊற்றிக் குச்சியில் சுருட்டி நக்குமாம். அந்தக் கொட்டிலுக்குப் பெயர் சுகர் ஷாக்.

இவர் கனடாவுக்குப் போனது ஆடி மாதம். அப்போது மரத்தில் இலை இருந்ததே தவிரச் சாறும் இல்லை, கொட்டிலும் திறந்திருக்கவில்லை. அவர் பார்த்த ஒரே சுகர் ஷாக், பாணி டின்னில் ஒட்டியிருந்த படம். இந்தச் சங்கதி அவருக்கும் அவர் மனைவி விஜயலெட்சுமிக்கும் மட்டும்தான் தெரியும்.

சரி, பெருமை பேசாத மனுசன் யார்? ஆனால் சதீஸ்குமாருக்கு அடிமனதில் ஒரே ஓர் ஆசை இருந்தது. மாரியம்மன் கோயில் தலைவராக வேண்டும். தேரன்று தலைவருக்குத்தான் பரிவட்டம் கட்டுவார்கள், அவர்தான் அம்மனுக்கு நேர் முன்னால் நடப்பார். சதீஸ்குமாரின் அப்பா தோட்டத்தில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டியவர். தேருக்கு முட்டுக்கட்டை போடுவது அவர் வேலை. முப்பது வருசம் குனிந்து சக்கரத்தையே பார்த்துக்கொண்டு போனவர், ஒரு தேருக்காவது அம்மன் முகத்தைப் பார்த்ததில்லை. அந்த முகத்தை அப்பாவுக்கும் சேர்த்துத் தான் பார்த்துவிட வேண்டும் என்பது சதீஸ்குமாரின் கணக்கு.

இருக்கிற தலைவர் சரவணமுத்து மாஸ்டர். யாழ்ப்பாணத்திலிருந்து படிப்பிக்க வந்து, பென்சன் எடுத்த பிறகும் பசறையை விடாதவர். தலைவர் கதிரையையும் விடாதவர். ஞாயிற்றுக்கிழமை புதுத் தலைவர் தெரிவு. ஓட்டு, மாஸ்டரையும் சேர்த்துக் கமிட்டிக்காரர் ஐந்து பேர் கையில். ஆகவே வெள்ளிக்கிழமை காலை அந்த ஐந்து பேரையும் தன் காணிக்கு அழைத்துக் கனடாவைக் காட்டிவிடுவது என்று சதீஸ்குமார் முடிவுகட்டினார்.

காணியில் மேப்பிள் இல்லை. பனைபோலப் பாளை விடுகிற கித்துள் மரம் ஏழு இருந்தது. அவற்றில் ஏறி, பாளை சீவி, சாறு சொட்ட முட்டி கட்டுகிறவன் வீரய்யா. வியாழன் பின்னேரம் வீரய்யா முட்டிக்குள் வழக்கம்போல மரப்பட்டைத் துண்டைப் போடப் போனான். சாறு புளிக்காமல் இருக்க எல்லாரும் போடுவதுதான்.

"ஏய், என்னத்த அதுல போடுற?"

"பட்டைங்க மொதலாளி. போடலேன்னா விடியிறதுக்குள்ள கள்ளாயிருமுங்க."

"கனடால எவனும் பட்டை போடுறதில்ல. சுத்தமான சாறு வேணும் எனக்கு."

"அங்க ஐஸ் கொட்டுதுன்னு நீங்கதான சொன்னீங்க? இங்க கொட்டலையே."

"பசறைல இல்லாத குளிரா? சொன்னதச் செய்."

வீரய்யா பட்டையை மடியில் முடிந்துகொண்டு மரம் ஏறினான். உத்தரவு போட்டது முதலாளி, கேட்டது கூலிக்காரன்.

வெள்ளி காலை கொட்டில் தயார். தகரக் கூரை, அடுப்பு, அதன்மேல் தாச்சி நிறையப் பழைய கித்துள் பாணி, வாசலில் கனடாக் கொடி. விஜயலெட்சுமி ரொட்டி சுட்டு, அவரை அவித்து, ஐஸ் கட்டியைத் தேங்காய் துருவுவதுபோலத் துருவி வைத்திருந்தாள். முட்டை கிடையாது. திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. கமிட்டிக்காரர் ஐந்து பேர் கையிலும் சதீஸ்குமார் கையிலும் மஞ்சள் கயிறு. தேர் முடியும்வரை மீன், முட்டை, இறைச்சி என்று மச்சம் எதுவும் ஆகாது, கள் சாராயம் வாயில் படக்கூடாது. பட்டால் காப்பு முறிந்தது, பதவியும் போனது.

எல்லாருக்கும் முதலில் சாறு. ஆளுக்கு ஒரு டம்ளர். சதீஸ்குமார் குடிக்கவில்லை, அவருக்குச் சீனி வருத்தம், இனிப்பு ஆகாது.

சரவணமுத்து மாஸ்டர் ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடினார். திறந்தார்.

"தம்பி, லேசாப் புளிக்குது?"

"கனடாச் சாறே அப்படித்தான் மாஸ்டர். மணமும் கொஞ்சம் தூக்கலா இருக்கும்."

"ஓ, கனடாச் சாறு. அப்ப இன்னொண்டு ஊத்தும்."

கள் மணம் தெரியாத மூக்கு பசறையில் உண்டா, ஐயா? அத்தனை பேருக்கும் முதல் மிடறிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் காப்புக் கட்டியவன் கள்ளைத்தான் குடிக்கக் கூடாது. கனடாச் சாறு கூடாதென்று எந்தச் சாத்திரத்திலும் இல்லையே! கமிட்டிக்காரரில் ஒருவரான தோட்டத் தலைவர் இராசையா நாலாவது டம்ளரில் கனடாவை வாயார வாழ்த்தினார். ஐந்தாவதில் தேர்ப்பாட்டைத் தொடங்கினார். அவரையில் ஊற்றிய பாணியை யாரும் தொடவில்லை, துருவிய ஐஸும் கரைந்து போனது. முட்டிக்குத்தான் கிராக்கி.

"ஏங்க, ஆளுக எல்லாம் ஆடுறாங்க" என்றாள் விஜயலெட்சுமி.

"சந்தோசம்டி. கனடால இப்படித்தான் ஆடுவாங்க" என்றார் சதீஸ்குமார். அவர் கண்ணில் பரிவட்டம் தெரிந்தது. கண் நிறைந்திருந்தால் மூக்கு வேலை செய்யாது போலும்.

அந்த நேரம் பார்த்து வீரய்யா அடுத்த முட்டியோடு வந்தான். பார்த்தவன் பதறிவிட்டான். "ஐயோ சாமி! காப்புக் கட்டுன கையில கள்ளு டம்ளரா? பட்டை போடாட்டி கள்ளாயிரும்னு சொன்னேனே மொதலாளி!"

இராசையாவின் பாட்டு பாதியில் நின்றது. குடிப்பது குற்றமில்லை, அதை வாய்விட்டுச் சொன்னதுதான் குற்றம் என்பதுபோல ஐந்து பேரும் வீரய்யாவை முறைத்தார்கள். பிறகு ஐந்து பார்வையும் சதீஸ்குமார் மேல் திரும்பியது. அங்கே ஒரு சொட்டும் குடிக்காத ஆள் அவர் ஒருவர்தான்.

சரவணமுத்து மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "தம்பி, உது கள்ளில்லை எண்டுதானே நீர் எங்களுக்குத் தந்தனீர்?"

"சத்தியமா மாஸ்டர்! வீரய்யா உளறுறான்."

"அப்ப நீரும் ஒரு டம்ளர் குடியுமன். எங்கட மனம் ஆறும்."

சதீஸ்குமார் டம்ளரைப் பார்த்தார். குடிக்காவிட்டால் ஐந்து ஓட்டும் போச்சு. விஜயலெட்சுமி கதவோரத்தில் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மனுசன் கேட்டால்தானே! மூச்சைப் பிடித்துக்கொண்டு முழு டம்ளரையும் இறக்கினார். நெஞ்சு எரிய, வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"நல்லது" என்றார் மாஸ்டர், அவ்வளவு நேரம் ஆடிய ஆள் இப்போது கம்பம் மாதிரி நின்றுகொண்டு. "நாங்கள் கனடாச் சாறெண்டு நம்பிக் குடிச்சம். தெரியாமச் செய்த பிழையை அம்மாள் பொறுத்துக்கொள்ளுவா. நீர் குடிச்சது வீரய்யா கள்ளெண்டு சொன்னதுக்குப் பிறகு. தெரிஞ்சு குடிச்சவற்ற காப்பு முறிஞ்சு போச்சு தம்பி. நான் என்ன செய்ய, கோயில் முறை."

"ஆமாங்க, முறைன்னா முறைதான்" என்றார் இராசையா, ஏப்பத்தோடு.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைக் கொட்டில் போட்டு, கொடி கட்டி, அவரை அவித்துச் செய்துவிட்டார் சதீஸ்குமார். அவருக்கு அழுகை வந்தது. விருந்தாளிகள் போகும்போது மிச்ச முட்டியையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஞாயிறு கூட்டத்தில் சரவணமுத்து மாஸ்டர் ஏகமனதாகத் திரும்பவும் தலைவர். காப்பு முறித்தவருக்குத் தண்டனையும் அங்கேயே தீர்மானமானது. தேரன்று முட்டுக்கட்டை போட வேண்டும்.

தேர் பதினொரு மணிக்குப் புறப்பட்டது. பரிவட்டம் கட்டிய மாஸ்டர் அம்மனுக்கு நேர் முன்னால் கைகூப்பி நடந்தார். இடது சக்கரத்தில் வீரய்யா, வலது சக்கரத்தில் சதீஸ்குமார், அவர் கையில் அப்பா பிடித்த அதே கட்டை.

பள்ளம் வந்தது. வீரய்யா நல்ல மனதோடுதான் கேட்டான். "மொதலாளி, கனடால தேருக்கு எப்படிங்க கட்டை போடுவாங்க?"

சதீஸ்குமார் வாயைத் திறந்தார். சக்கரம் உருண்டு வந்தது. வாயை மூடிக்கொண்டு குனிந்தார்.