படத்தின் வலது ஓரம்

மூதூரில் அந்தப் படத்தைப் பார்க்காதவர் ஒருவரும் இல்லை. ஊரை விடுங்கள், உலகமே பார்த்த படம் அது. குழாய்க்கிணற்றடியில் ஐந்தாறு வயதுப் பெண்பிள்ளை ஒன்று இரண்டு கையையும் குவித்துத் தன் குட்டித் தம்பியின் வாயில் தண்ணீர் வார்த்துக்கொண்டு நிற்கும். பின்னால் மூட்டை முடிச்சுகளோடு சனம் போகும். சண்டை ஊருக்குள் வந்து, மூதூர்ச் சனமெல்லாம் கையில் அகப்பட்டதோடு கந்தளாய்ப் பக்கம் நடந்த ஆவணி மாதத்தில் எடுத்தது. உதவி நிறுவனங்களின் கலண்டரில் வந்தது, புத்தக அட்டையில் வந்தது, வெள்ளைக்காரர் கூட்டம் வைக்கிற மண்டபங்களில் ஆளுயரத்துக்குத் தொங்கியது. பார்த்தவர்களெல்லாம் உச்சுக் கொட்டினார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து இப்போது றியாத்தில் யாருடைய வீட்டிலோ கக்கூசு கழுவுகிறது. அதற்கு உச்சுக் கொட்ட ஒரு ஆளும் இல்லை.

உம்மு குல்சும் மட்டும் அந்தப் பிள்ளையைப் பார்ப்பதேயில்லை. அவள் பார்ப்பது படத்தின் வலது ஓரத்தை. அங்கே ஒரு ஆம்பிளையின் முதுகு தெரியும். கட்டம் போட்ட சாரன், வெள்ளைப் பெனியன், தலையில் துவாய், கொஞ்சம் சரிந்த இடது தோள். முகம் இல்லை. அது தன் புருஷன் கலீலுர் றஹ்மான் என்று அவள் பத்தொன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதுகை வைத்து ஆளைச் சொல்கிறாளே என்று ஊர் சிரித்தது. உங்கள் பெண்சாதிமார் உங்களை முன்னால் மட்டும்தான் பார்த்திருக்கிறார்களா என்று அவள் திருப்பிக் கேட்டாள். அதற்குப் பிறகு முகத்துக்கு நேரே யாரும் சிரிக்கவில்லை.

அந்த முதுகில்தான் அவளுடைய சீவியம் முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்தது. நடந்தது இதுதான். ஒரு வெள்ளிக்கிழமை, ஊரை விட்டு நடந்து வந்த சனத்தை ஒரு முச்சந்தியில் ஆயுதக்காரர் மறித்தார்கள். இளந்தாரி ஆம்பிளைகளையெல்லாம் பொறுக்கி ஒரு பக்கம் நிறுத்திவிட்டு, பெண்களையும் பிள்ளைகளையும் போகச் சொன்னார்கள். றஹ்மானும் அந்தப் பக்கம் நின்றான். அவர்களில் ஒருத்தரும் திரும்பவில்லை, ஆதம்பாவாவைத் தவிர. அவன் பற்றைக்குள் பாய்ந்து, ஆற்றை நீந்தி, எப்படியோ கந்தளாய் முகாமுக்கு வந்து சேர்ந்தான். பள்ளிவாசல் பெரியவர்களுக்கு முன்னால் குந்தியிருந்து, பின்னேரமே எல்லாரையும் சுட்டுப்போட்டார்கள், றஹ்மான் விழுந்ததைக் கண்ணால் கண்டேன் என்று சொன்னான்.

முகாமிலிருந்த பெண்கள் குல்சுமை இத்தாவில் இருத்துவதற்கு வெள்ளைச் சேலை தேடிக் கொண்டுவந்துவிட்டார்கள். நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, அலங்காரம் எதுவுமில்லாமல், மறைப்புக்குள், செத்த புருஷனுக்காக இருக்கிற இருப்பு. அந்த நேரம் பார்த்துத்தான் பேப்பர் வந்தது. முன்பக்கத்தில் அந்தப் படம். கீழே எழுதியிருந்தது: ‘கந்தளாய், சனிக்கிழமை.’

வெள்ளிக்கிழமை செத்தவன் சனிக்கிழமை கந்தளாயில் தண்ணீர் அள்ளுவானா? குல்சும் வெள்ளைச் சேலையைத் தூக்கி எறிந்தாள். ஆதம்பாவா இருந்த கூடாரத்துக்கு நேரே போனாள். ‘கூட வந்தவங்கள விட்டுட்டு ஓடி வந்த பொய்யன்’ என்று சனம் கூடியிருக்க அவன் முகத்தில் காறித் துப்பினாள். அவன் துடைத்துக்கொண்டான். ஊர் திரும்பிய பிறகும் அந்தப் பட்டம் அவனை விடவில்லை. போன வருஷம் அவன் மௌத்தாகி அடக்கம் நடந்தபோது, இரண்டு வீடு தள்ளியிருந்தும், குல்சும் அந்த வாசலை மிதிக்கவில்லை.

அவள் பிடித்தால் பிடித்ததுதான். மரணச் சான்றிதழ் எடு என்று அரசாங்கக் கச்சேரியில் சொன்னார்கள், மாட்டேன் என்றாள். ஒரு நல்ல மனுஷன் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். புருஷன் உயிரும் ஹயாத்துமாக இருக்கிறவளைக் கேட்டு வர வெட்கமில்லையா என்று வாய்க்கு வந்தபடி பேசி அனுப்பினாள். விசாரணைக் கமிஷன் எது வந்தாலும் கலண்டரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்பாள். விரித்ததும், “ஆ, இந்தப் படமா!” என்பார்கள் துரைமார். எல்லார் கண்ணும் பிள்ளைமேல் போய் ஒட்டிக்கொள்ளும். இவள் விரலை ஓரத்தில் வைத்து, இதைப் பாருங்கள் ஐயா, இதைப் பாருங்கள் என்று கெஞ்சுவாள். சில அச்சுகளில் ஓரத்தை வெட்டிவிட்டே போட்டிருந்தார்கள். அதைக் காணும்போதெல்லாம் வெட்டினவனுடைய கையைச் சபிப்பாள்.

இதிலே சும்மா கிடந்து நசுங்கியது மகள் நிப்லா. சம்பவம் நடந்தபோது அவள் கைக்குழந்தை. பள்ளிவாசலில் ஒவ்வொரு பெருநாளைக்கும் வாப்பாவை இழந்த எத்தீம் பிள்ளைகளுக்கு உடுப்புக் கொடுப்பார்கள். ஒரு முறை யாரோ இரக்கப்பட்டு அவளையும் வரிசையில் நிறுத்திவிட்டார்கள். மஞ்சள் சட்டை ஒன்று கைக்கு வந்தும்விட்டது. குல்சும் எங்கிருந்தோ ஓடி வந்து, வாப்பா இருக்கிற பிள்ளைக்கு எத்தீம் உடுப்பா என்று சட்டையைப் பறித்துக் கொடுத்துவிட்டு, பிள்ளையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். வாப்பா இருக்கிற பிள்ளைகளுக்கு வாப்பா சட்டை வாங்கிக் கொடுப்பார். நிப்லாவுக்கு அதுவும் இல்லை, இதுவும் இல்லை. ஒரு முதுகுக்குப் பிள்ளையாக வளர்ந்தாள்.

இந்த வருஷம் நிப்லாதான் செய்தியைக் கொண்டுவந்தாள். ஃபேஸ்புக்கில் பார்த்தாளாம். படம் எடுத்தவர் யேசுரட்ணம், திருகோணமலை டவுனில் கல்யாணப் படம் எடுக்கிற ஸ்டூடியோ வைத்திருந்தவர். மனுஷன் செத்துப் பல காலம். அவருடைய மகள் அஞ்சலினா இப்போது பழைய பிலிம் சுருளைத் தேடி எடுத்து, அந்தப் படத்தையும் அதற்கு முன்னும் பின்னும் எடுத்தவற்றையும் பெரிதாக அடித்து, கடற்கரை வீதியில் ஒரு மண்டபத்தில் மாட்டியிருக்கிறாளாம்.

குல்சுமுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதற்குப் பிறகு எடுத்த படம் என்றால் முதுகு திரும்பியிருக்கும் அல்லவா? திரும்பினால் முகம் தெரியும் அல்லவா? முகம் தெரிந்தால் இனி எந்தத் துரை வாய் திறப்பான்? வேலை செய்கிற நெல் ஆலைக்கு லீவு சொன்னாள். உள்ளதில் நல்ல அபாயாவைப் போட்டுக்கொண்டு, மகளையும் இழுத்துக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே ஏறினாள். கிண்ணியாப் பாலம் தாண்டும் வரைக்கும், வாப்பாவின் மூக்கு உன் மூக்கு மாதிரியே இருக்கும் பார், என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நிப்லா வெளியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு ஓம் போட்டாள்.

மண்டபத்தில் பெரிய கூட்டமில்லை. பிரசித்தமான படம் நடுச் சுவரில் இருந்தது, நாலைந்து பேர் அதற்கு முன்னால் நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். குல்சும் அவர்களை இடித்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போனாள்.

அங்கே அவன் இருந்தான். தண்ணீர் கொடுத்த பிள்ளை பாதி வெட்டுப்பட்டு இடது பக்கம் ஒதுங்கியிருக்க, கலீலுர் றஹ்மான் முழு முகத்தோடு கமராவைப் பார்த்துத் திரும்பியிருந்தான். இரண்டு நாள் தாடி. வெயிலுக்குச் சுருக்கின கண். கையில் ஒரு பால்மா டின்.

“மச்சான்,” என்றாள் குல்சும். சத்தம் பெரிதாக வரவில்லை. பிறகு கத்தத் தொடங்கினாள். முன்பின் தெரியாத சனத்தையெல்லாம் கையைப் பிடித்து இழுத்து வந்து, இது என்ட புருஷன், நான் சொன்னது பொய்யா, பாருங்க, என்று காட்டினாள். செல்பிக்காரரும் வந்து பார்த்தார்கள். அஞ்சலினா ஓடி வந்து, கதை முழுவதையும் கேட்டு, அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். தன் அப்பாவின் படம் ஒரு மனுஷிக்காவது உதவியதே என்ற சந்தோஷம் அஞ்சலினாவுக்கு. பத்தொன்பது வருஷத்தில் குல்சும் அப்படிச் சிரித்ததை நிப்லா கண்டதில்லை.

ஆனால் நிப்லா அங்கே நிற்கவில்லை. அவள் அதற்கடுத்த படத்துக்குப் போயிருந்தாள், சுருளின் கடைசிப் படத்துக்கு. நெடுநேரம் பார்த்துவிட்டுத் திரும்பி, “உம்மா, இஞ்ச வாங்க” என்றாள். “இது நீங்கதானே?”

படத்தில் வீதியோரம் ஒரு மருத மரம். மரத்தடியில், குழாய்க்கிணற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சால்வைக்குள் குழந்தைக்குப் பால் கொடுத்தபடி ஒரு இளம்பெண் இருந்தாள். முகம் பக்கவாட்டில் தெளிவாகத் தெரிந்தது. கலீலுர் றஹ்மான் குனிந்து பால்மா டின்னை அவளிடம் நீட்டிக்கொண்டிருந்தான்.

குல்சுமுக்குச் சிரிப்பு இன்னும் முகத்திலேயே இருந்தது. அந்தத் தண்ணீர் அவளுக்கு ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை உச்சி வெயில். நாக்கு வறண்டு, இனி ஒரு அடி எடுத்து வைக்க ஏலாது என்று அவள் மரத்தடியில் விழுந்தாள். அவன் டின்னைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்த் தண்ணீரோடு வந்தான். பால்மா வாசம் அடித்தது. அவள் முழுக்கக் குடித்துவிட்டு, உங்களுக்கு என்று கேட்டாள், நான் அங்கேயே குடிச்சிட்டன் என்றான். எழுந்து நடந்தார்கள். கொஞ்சத் தூரத்தில் முச்சந்தி வந்தது.

அது கந்தளாய் இல்லை. சனிக்கிழமையும் இல்லை. கமரா உலகத்துக்குப் பிள்ளையைக் காட்டிய அந்த நேரத்தில் அவள் அங்கேதான், கூப்பிடு தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

பேப்பரில் கந்தளாய் என்று போட்டிருந்ததே என்று நிப்லாதான் அஞ்சலினாவிடம் கேட்டாள். அஞ்சலினா கடைசிப் படத்தையும் குல்சுமையும் மாறி மாறிப் பார்த்தாள். “பேப்பர்க்காரர் போட்டது, தங்கச்சி. எந்த இடம், எந்த நாளெண்டு அப்பாட்ட ஒருத்தரும் கேக்கேல்லை. எல்லாருக்கும் அந்தப் பிள்ளை போதுமாயிருந்தது,” என்றாள். படத்தின் பிரதி ஒன்று தருகிறேன், காசு வேண்டாம், என்றும் சொன்னாள். குல்சும் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

தாயும் மகளும் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினார்கள். மூதூர் கிட்ட வரும்போது நிப்லா ஒரு வார்த்தை சொன்னாள்.

“அப்ப நான் எத்தீம்தானே, உம்மா. சின்னனிலேயே.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பாவம். குல்சும் மகளின் கையைப் பிடிக்கப் பார்த்தாள், பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் முழுகினாள். கடைக்கு ஆள் அனுப்பி வெள்ளைச் சேலை ஒன்று எடுப்பித்தாள். காதில் கிடந்ததைக் கழற்றினாள். உள் அறைக்கு ஒரு மறைப்புக் கட்டச் சொல்லி, பள்ளியிலிருந்து றம்ஸான் மௌலவியைக் கூட்டி வரச் சொன்னாள். மௌலவி சின்ன வயதுக்காரர், தன்மையான மனுஷன். வந்து வெளியே கதிரையில் இருந்தார். மறைப்புக்குள்ளிருந்து குல்சும் எல்லாவற்றையும் சொன்னாள். ஆதம்பாவா சொன்னது உண்மை, என் புருஷன் மௌத்துத்தான், நான் ஒத்துக்கொள்கிறேன், என்றாள். அவளுக்கு இனி வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவருக்காக இருக்க வேண்டும். பெண்சாதி என்று ஒருத்தி அவருக்குச் செய்யக் கடைசியாக மிஞ்சிக் கிடந்தது அது. இன்று பொழுதுபட்டு மஃரிபிலிருந்து இத்தா இருக்கலாமா, நாளைக்கா, என்று கேட்டாள்.

மௌலவி எழுந்தார். வாசலுக்குப் போய்ப் போனில், மார்க்கம் படித்த மூத்த ஆலிம் ஒருவரோடு கதைத்தார். திரும்பி வந்தபோது அவருடைய குரலில் நல்ல செய்தி கொண்டுவந்தவனின் ஆறுதல் இருந்தது.

“ராத்தா, இத்தா மௌத்தான நாளில இருந்துதான் கணக்கு. நமக்குத் தெரியவந்த நாளில இருந்தில்ல. ஆதம்பாவா காக்கா கண்ணால கண்ட சாட்சி, அந்த நாளையிலேயே பெரியாக்களுக்கு முன்னால சொல்லியிருக்கார். உங்கட இத்தா எப்பவோ முடிஞ்சி போயிட்டு. அல்லாஹ் லேசாக்கி வெச்சிருக்கான். நீங்க இனி இருக்கத் தேவல்ல.”



“இருந்தாலும் இருக்கட்டுமே,” என்றாள் குல்சும். “நான் இருக்கிறன்.”

“இருந்தா அது இத்தா ஆகாது, ராத்தா. வெறும் இருப்புத்தான்.”

கந்தளாய் முகாமின் அந்த நாலு மாதமும் பத்து நாளும் அவள் கண்ணுக்குள் வந்தன. யாரோ தர்மமாகக் கொடுத்த சிவப்புப் பூச்சேலையை அவள் தினமும் பின்னேரம் துவைத்து உடுத்தாள். புருஷன் வந்து பார்க்கும்போது அகதிக் கோலத்தில் நிற்கக் கூடாதென்று தலையை எண்ணெய் வைத்து வாரினாள். முகாம் வாசலில் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு நின்றாள். பக்கத்துக் கூடாரத்துப் பெண்கள், புதுப்பொம்பிளை மாதிரி நிற்கிறாயே என்று பகிடி பண்ணினார்கள். அவளும் சிரித்தாள்.

“மௌலவி,” என்றாள் குல்சும். “அந்த நாலு மாசமும் நான் கண்ணுக்குச் சுறுமா போட்டுக்கொண்டு நிண்டனான்.”

மௌலவி தலையைக் குனிந்துகொண்டார். தெரியாமல் செய்ததற்குக் குற்றமில்லை என்று வாய்க்குள் ஏதோ சொன்னார். ஸலாம் சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

நிப்லா மறைப்பை விலக்கிப் பார்த்தபோது, குல்சும் வெள்ளைச் சேலையை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் வழக்கம்போல நெல் ஆலைக்குப் போனாள். வீட்டில் இருப்பதற்கு அவளுக்கு ஒரு காரணமும் இல்லை.