ஐந்தாவது நாற்காலி

அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்று அமைச்சர் உத்தரவு போட்டபோது எனக்கு அறுபத்தெட்டு. தொற்றுக் காலம், நெருக்கடி நிலை, எல்லாம் சரி. நாய் வைத்திருப்பவன் நாயோடு உலாத்தலாம், அரசியல் சட்ட நீதிமன்றத்து நீதிபதி நான் படியிறங்கக் கூடாதாம். வயிறு எரியாதா?

அந்த உத்தரவு செல்லுமா என்று எங்கள் முன் ஒரு வழக்கு வந்திருந்தது. வழக்குப் போட்டவர் ராதோமிர், ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர், என் வயதுக்காரர். பாலத்துக்கு அந்தப் பக்கம் மருத்துவமனையில் அவர் மனைவிக்கு இழுத்துக்கொண்டிருந்தது. இந்த வாரம் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போய்ப் பார்க்க இவரை விடவில்லை.

விசாரணை வெள்ளிக்கிழமை. ஐந்து நீதிபதிகளாவது நேரில் வந்து உட்கார வேண்டும். வீட்டிலிருந்து திரையில் முகம் காட்ட எங்கள் சட்டத்தில் இடமில்லை. காய்ச்சலில் படுத்தவர்கள் போக மிச்சம் ஐந்தே பேர். நாலு பேர் வயதில் சின்னவர்கள். ஐந்தாவது ஆள் நான்.

புதன்கிழமை அமைச்சகத்திலிருந்து போன். தேனாய் வழிந்தது குரல்.

"அம்மா, உங்களுக்கு மட்டும் ஒரு பாஸ் அனுப்புறோம். அமைச்சரே கையெழுத்துப் போட்டுட்டார்."

"அவர் உத்தரவு தப்பா சரியான்னு அவர்கிட்டயே அனுமதி வாங்கிட்டு வந்து சொல்லணுமா? நாளைக்கு என் தீர்ப்பு பிடிக்கலைன்னா பாஸைப் பிடுங்கிக்குவீங்க. யோவ், போனை வைய்யா!"

காபி கலக்கிக்கொண்டிருந்த என் கணவர் ப்ளாகோயே திரும்பினார். "வூகா, வாங்கித் தொலையேன். உன் ரோஷம் அடங்குற வரைக்கும் அந்தப் பொம்பளை உசுரோட இருப்பாளா?"

சுருக்கென்றது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பாஸை வாங்கினால் அவர்கள் தயவில் உட்காரும் நீதிபதி. வாங்காவிட்டால் அமர்வே இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுக்காரன் அன்றைக்கு மூன்றாவது தடவையாகத் தன் நாயை இழுத்துக்கொண்டு போனான், பாவி.

வெள்ளிக்கிழமை காலை அங்கியைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினேன், பாஸ் இல்லாமல்.

"தொப்பி போட்டுக்கோ, வயசு தெரியாது," என்றார் ப்ளாகோயே.

"தெரியட்டுமே! நீதிபதியைக் கோர்ட்டுக்குப் போக விடாமத் தடுக்க எந்தக் கொம்பனால முடியும்?"

தெருமுனையில் ஒரு போலீஸ்காரர். என் அடையாள அட்டையைப் பார்த்ததும் முகம் வாடிப்போனது. "மன்னிச்சுக்குங்கம்மா. உங்க பேர்ல வழக்குப் பதியச் சொல்லி மேலிடத்து உத்தரவு." எழுதி முடித்தார். பிறகு வழிவிட்டு ஒதுங்கினார். "நீங்க தாராளமாப் போகலாம்."

இவ்வளவுதானா என்று நினைத்தேன். நீதிமன்றத்துக்குப் போகும் பாலத்தில் எனக்கு நடை இல்லை, ஓட்டம்தான்.

நீதிமன்றப் படியிலேயே தலைமை நீதிபதி மிலேனா நின்றிருந்தாள். "வூகா, அமைச்சகத்துலேர்ந்து இப்பத்தான் சொன்னாங்க. அதே உத்தரவை மீறினதா உன் மேல வழக்கு. அந்த உத்தரவு செல்லாதுன்னு சொன்னா உன் வழக்கும் செத்துப்போகும். நீ எப்படிடி இதுல உட்காருவே?"

தன் சொந்த வழக்கில் தானே தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று முப்பது வருஷமாய் அடுத்தவர்களுக்கு நான்தான் பாடம் எடுத்திருக்கிறேன். அடப்பாவிகளா, அதற்காகத்தான் வழக்கைப் பதிந்துவிட்டு வழிவிட்டீர்களா?

கூடத்தில் என் நாற்காலி காலியாக இருந்தது. ராதோமிரின் வக்கீல் வீட்டிலிருந்த அவரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு விசாரணை இல்லைங்க ஐயா. ஒரு நீதிபதி குறையுது."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் போனை நீட்டினாள். "யாரு அந்த நீதிபதின்னு கேக்குறாரும்மா."