மூன்று மாதத்து நல்லவன்

இசக்கிமணி மேலகரத்தில் யாரிடமும் சண்டை போட்டு நாற்பத்தோரு நாள் ஆகிறது. ரேஷன் கடைக்காரருக்கும், குற்றாலம் டவுன் பஸ் கண்டக்டருக்கும் இது பெரிய ஆறுதல். மனிதர் திருந்திவிட்டார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். குவைத்தில் லாரி ஓட்டும் வேலை கிடைத்திருந்தது. அதற்குப் போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ் வேண்டும்.

"உம்ம பேர்ல ஸ்டேஷனுக்கு ஒரு மனு போனாக்கூடப் போச்சு, தம்பி. வாயை மூடிக்கிட்டு இரும்" என்று தென்காசி ஏஜென்ட் முகம்மது கனி சொல்லி அனுப்பியிருந்தார்.

இது பக்கத்து வீட்டு ஏட்டையாவுக்கும் தெரிந்துபோயிற்று. ஏட்டையா என்றால் ஓய்வுபெற்ற தலைமைக் காவலர் சிவனணைந்தபெருமாள். வாசல் பலகையில் அவர் பெயர் சிறிதாகவும், 'காவல்துறை' பெரிதாகவும், 'ஓய்வு' என்பது சுவரோடு மூக்கை ஒட்டினால் தெரிகிற அளவிலும் எழுதியிருக்கும். குற்றால சீசனுக்கு வருகிறவர்களுக்காக 'மகாராஜா காட்டேஜ்' நடத்துகிறார். மகாராஜா என்றால் இரண்டு அறை, ஒரு தகரக் கூரை. எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்தவர்கள், அந்த எண்ணெய் போவதற்காக இங்கே வந்து சோப்புப் போட்டு இன்னொரு குளியல் போடுவார்கள்.

இசக்கிமணி விண்ணப்பம் போட்ட மறுநாள், அந்தக் குளியல் தண்ணீர் பிவிசி குழாய் வழியே மதிலைத் தாண்டி அவன் கொல்லையில் வந்து விழுந்தது.

"என்ன அண்ணாச்சி இது?"

"தண்ணிதாம்லே. பள்ளத்தப் பாத்துத்தான வரும்? விசாரணைக்கு நம்மகிட்டதான் வருவாங்க. உன்னைப் பத்தி நல்லபடியாத்தான் சொல்லணும்னு இருக்கேன்."

"பரவாயில்ல அண்ணாச்சி, வாழைக்கு ஆகும்" என்றான் இசக்கிமணி. கொல்லையில் வாழையே கிடையாது. துணி துவைக்கிற கல்லும், அதைச் சுற்றிக் கணுக்கால் வரை ஊரார் நுரையும்தான் இருந்தன. அந்த நுரைக்குள் நின்றுதான் அவன் மனைவி மாரித்தாய் தினமும் துவைத்தாள்.

"வாயத் தொறந்திராதிய" என்று அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

காவலர் ஜெயபிரியா விசாரிக்க வந்தார். ஏட்டையா நெஞ்சை நிமிர்த்தி, "தங்கமான பையன்" என்று கையெழுத்துப் போட்டார். ஜூலைக் கடைசியில் சான்றிதழ் வந்தது. இசக்கிமணி அதைப் போட்டோ எடுத்து ஏஜென்ட்டுக்கு அனுப்பினான். அனுப்பிய கையோடு கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனான்.

ஓங்குகிற நேரத்தில் ஏஜென்ட்டிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி, விசா அடிக்க நவம்பர் கடைசி ஆயிருமாம். அன்னைக்கு இந்தத் தாளுக்கு மூணு மாசத்துக்கு மேல ஆயிருக்கக் கூடாது. செப்டம்பர்ல புதுசா ஒண்ணு எடுத்திரும்."

"என்ன பாய் சொல்லுதிய? தாள்ல கெடுன்னு ஒரு தேதியும் போடலியே!"

"கொடுக்கிறவங்க போட மாட்டாங்க. கேக்குதவன் வச்சதுதான் கெடு. ஒருத்தன் ஆறு மாசம்பான், நம்ம கம்பெனி மூணுங்குது."

"முப்பத்தெட்டு வருசம் ஒரு கேசு கிடையாது. மூணு மாசத்துல கெட்டுப் போறதுக்கு நான் என்ன பாக்கெட் பாலா? இங்க ஒருத்தரு ரிட்டயர்டாகிப் பத்து வருசமா போலீஸ்னு போர்டு மாட்டியிருக்காரு, அதுக்கெல்லாம் கெடு இல்ல, எனக்குத்தான் கெடுவா?"

போன் எப்போதோ கட்டாகியிருந்தது. மதிலுக்கு மேலே ஏட்டையாவின் தலை தெரிந்தது.

"அப்ப செப்டம்பர்ல திரும்ப விசாரிக்க வருவாங்கன்னு சொல்லு. நல்லதாப் போச்சுலே. மூணாவதா ஒரு ரூம் கட்டலாம்னு இருக்கேன். அதுக்கும் ஒரு குழா இப்படி விட்டுக்கிடுதேன். என்ன, கையில கடப்பாரை?"

இசக்கிமணி குவைத்தை நினைத்தான். கடப்பாரையைக் கீழே போட்டான்.

மாரித்தாய் நுரைக்குள்ளிருந்து வந்து அதை எடுத்தாள்.

"ஏட்டி, என்ன பண்ணுத?"

"விண்ணப்பம் யாரு பேர்ல போட்டிய?"

"என் பேர்லதான்."

"அப்ப நீங்க நல்லவரா இருங்க. எனக்கு எந்த நாட்டுலயும் வேலை கிடைக்கல."

மூன்றாவது போடில் குழாய் பிளந்தது. உடைந்த வாயில் பழைய சேலையைத் திணித்து, கடப்பாரை முனையால் இடித்து இறுக்கினாள். கொஞ்ச நேரத்தில் மகாராஜாவின் குளியலறைக்குள் தண்ணீர் ஏறியது; உள்ளே யாரோ, "சார், சார்!" என்று அலறினார்கள்.

"நான் கம்ப்ளெயின்ட் குடுப்பேன்!" என்று ஏட்டையா கத்தினார்.

"குடுங்க. உங்க குழா எங்க கொல்லைக்கு எப்படி வந்துச்சுன்னும் அதுலயே எழுதுங்க. காட்டேஜுக்குப் பெர்மிஷன் யாரு தந்தான்னும் எழுதுங்க. எழுத்துக்கூட்டத் தெரியலன்னா நான் வந்து சொல்லுதேன்!"

ஏட்டையாவின் தலை மதிலுக்குக் கீழே போயிற்று. இசக்கிமணி இரண்டு கையையும் கூப்பி, "அண்ணாச்சி, நான் ஒண்ணுமே பேசலியே" என்றான். வாழ்நாளில் இவ்வளவு பணிவாக அவன் யாரிடமும் பேசியதில்லை.

செப்டம்பரில் ஜெயபிரியா மறுபடியும் வந்தார். அதே தாள், அதே கேள்வி.

"போன தடவை விசாரிச்சதுக்குப் பிறகு இவர் ஏதாவது தகராறு பண்ணினாரா ஐயா?"

ஏட்டையா மதில் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"அவன் ஒண்ணும் பண்ணலம்மா. அவன் பொண்டாட்டிதான்..."

"அவங்க பேர்ல விண்ணப்பம் வரலியே, ஐயா" என்று சொல்லி, ஜெயபிரியா கையெழுத்துக்குத் தாளை நீட்டினார்.