சோபாவின் ஓரம்

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு என் மனைவி தன் அக்கா வீட்டுக்குக் கிளம்புவதாக வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டாள். எப்போது வருவாய் என்று கேட்டதற்கு, "வருவேனான்னே தெரியலைங்க" என்றாள். சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தியிருப்பேன். இவ்வளவு மரியாதையாகச் சொன்னால் மனுஷன் என்ன செய்வது?

எட்டு வருடத்தில் அவள் சொன்ன குறைகள் ஒரு வண்டி தேறும். அதில் என் கைக்கு அடங்கியது ஒன்றே ஒன்றுதான்: "இந்த டிவியில என்ன பேசறாங்கன்னே எனக்குக் கேக்கல." மற்றதெல்லாம் என்னைப் பற்றியது. நான் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன். ஸ்க்ரூ டிரைவரால் சரிசெய்ய முடிந்ததை முதலில் சரிசெய்வோம் என்று, சனிக்கிழமை காலையில் ஒரு ஹோம் தியேட்டர் செட்டோடு வந்து இறங்கினேன். ஐந்து ஸ்பீக்கர், அடிச்சத்தத்துக்கென்றே பெட்டி மாதிரி ஒரு சப்வூஃபர். அவள் அட்டைப்பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், துணி மடிக்க உள்ளே போய்விட்டாள்.

ஒயர் இழுப்பதிலேயே சனிக்கிழமை போய்ச் சேர்ந்தது. ஒரு ஸ்பீக்கரில் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிச் செருகிவிட்டு, எல்லாரும் குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் கேட்கிறதே என்று இரண்டு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அது போதாதென்று சப்வூஃபர். மூலையில் வைத்தால் வீடே திம்திம் என்று அதிர்ந்தது. ஜன்னலோரம் வைத்தால் பேச்சுமூச்சில்லை. ஞாயிறு மதியம், வேறு வழியில்லாமல் மச்சினனுக்குப் போன் போட்டேன். அவளுடைய தம்பி, மேடைக்கு மைக் செட் கட்டுகிறவன்.

"மாமா, நீங்க உக்கார்ற எடத்துல சப்வூஃபரைத் தூக்கி வைங்க. பாட்டைப் போட்டுட்டு ரூம் பூரா தவழ்ந்து பாருங்க. எந்த எடத்துல சத்தம் சுத்தமாக் கேக்குதோ, அங்க கொண்டு போய் அதை வைங்க."

"தவழணுமாடா?"

"முட்டி போட்டுத்தான். காது தரையோரமா இருக்கணும்ல." கொஞ்சம் தயங்கினான். "மாமா, அக்காகிட்ட உக்காந்து பேசினீங்களா?"

"அதுக்குத்தான்டா இந்தப் பாடே" என்று வைத்துவிட்டேன்.

நாற்பத்திரண்டு வயதில் தவழ்ந்தேன். சோபாவின் நடுவில் சப்வூஃபர் ராஜா மாதிரி உட்கார்ந்து உறுமியது. டிவி மேஜைக்கு அடியில் நான் பாதி நுழைந்திருந்தபோது அவள் பாதங்கள் வந்து நின்றன.

"என்னத்தத் தொலைச்சீங்க?"

"சத்தத்தத் தேடறேன்."

அவள் உதட்டோரம் லேசாகத் துடித்தது. சிரிப்பு வந்துவிடும்போல் இருந்தது, வரவில்லை. அது போதும் எனக்கு. முட்டி எரிந்தாலும் விடுவதில்லை என்று தவழ்ந்தேன். கடைசியில் கதவுக்கும் அலமாரிக்கும் நடுவில் அந்த இடம் அகப்பட்டது. செட்டோடு வந்த சின்ன மைக்கைச் சோபாவில் நிறுத்தி, அந்த இடத்துக்கு ஏற்றபடி ஸ்பீக்கர்கள் தாமே சத்தத்தைச் சரிசெய்துகொள்ள அளவும் எடுத்து முடித்தேன். ஒரு படத்தை ஓடவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் ஒவ்வொரு சொல்லும் விழுந்தது.

நாலே முக்காலுக்குப் பெட்டியோடு வெளியே வந்தாள்.

"ஒரே ஒரு சீன் பாத்துட்டுப் போ. கால்ல வேணா விழறேன்" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். படத்தில் இரண்டு பேர் மழையில் நின்று பேசினார்கள். நான் படத்தைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மழைதான் கேக்குது. பேசறது கேக்கல" என்றாள்.

பின்பக்க ஸ்பீக்கர் அவள் காதை ஒட்டி இருந்தது. "அங்க உக்காந்தா அப்படித்தான். இப்படி நடுவுல வா, என் இடத்துக்கு."

"எட்டு வருஷமா நான் இங்கதாங்க உக்கார்றேன்."

ஆமாம். குக்கர் கூப்பிட்டால், காலிங் பெல் அடித்தால், எழுந்து ஓட வசதியான இடம் அது. எழுந்து எழுந்து அவள் ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். அதே சோபாவின் நடுவில் காலை நீட்டிக்கொண்டு பார்த்திருக்கிறேன். சப்வூஃபரைத் தூக்கி வைத்தது என் இடத்தில். மைக்கை நிறுத்தியதும் என் இடத்தில். அவளுக்காக இரண்டு நாள் பாடுபட்டு, எனக்கு ஒரு தியேட்டர் கட்டிக்கொண்டிருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் அவமானமாக இருந்தது.

"பத்து நிமிஷம் குடு. உன் இடத்துக்கு மாத்திடறேன். எந்திரி, எந்திரி!"

எழுந்தாள். மைக்கை அவள் காது இருந்த உயரத்துக்கு நிறுத்தினேன். போனில் பட்டனைத் தட்டினேன். அளவெடுத்து முடியும்வரை அறையில் யாரும் சத்தம் போடக் கூடாது என்று போன் திரை சொன்னது.

"ஏங்க, ஒண்ணு கேக்கணும்..."

உதட்டில் விரலை வைத்து, "ஷ்ஷ்" என்றேன். அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ஒவ்வொரு ஸ்பீக்கராக இரைந்தது. கடைசியில் சப்வூஃபர் உறுமி, ஜன்னல் கண்ணாடியெல்லாம் கிடுகிடுத்தது. என் கண் திரையைவிட்டு அகலவில்லை. அளவு முதல் தடவையிலேயே சரியாக வந்துவிட்டது.

"வா, இப்பக் கேளு" என்று திரும்பினேன். அவளும் இல்லை, பெட்டியும் இல்லை.

செருப்புகூடப் போடாமல் மூன்று மாடி இறங்கி ஓடினேன். வாசலில் டாக்ஸி நின்றது. பின் சீட்டில் அவள். ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன கேக்க வந்த? சொல்லு."

"ரெண்டு நாளா ஒரு தடவைகூட நீங்க போகாதேன்னு சொல்லலைங்க. நான் இருக்கட்டுமான்னு நானே கேட்டுடலாம்னு வாயத் தொறந்தேன்."

"போகாதே" என்றேன். ரோடென்றும் பாராமல் அழுதேன். "போகாதேம்மா."

அவள் கண்ணும் நிறைந்துவிட்டது. ஜன்னலிலிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"மேல, வீட்டுலயே சொல்லியிருந்தா பெட்டியப் பிரிச்சிருப்பேன்."

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "போலாமாம்மா?"

"போலாம்" என்றாள்.