மர்வாத்துக்கு ஒரு பதிலாள்

மர்வாத் நாட்டில் ஆறு கிடையாது, குளம் கிடையாது. மழை என்பது அங்கே எப்போதாவது காதில் விழும் வதந்தி. எண்ணெய் மட்டும் உண்டு. எண்ணெய் உள்ள நாட்டுக்கு மற்றதெல்லாம் விமானத்தில் வந்து இறங்கும். அந்த நாட்டைச் சிட்னி மாநகரத்துக்கு அறிமுகம் செய்யும் திருப்பணியை 1976-இல் செய்துகொண்டிருந்தவர் திரு. கிருஷ்ணசாமி, கௌரவத் தூதர்.

அவர் கோயம்புத்தூர்க்காரர். தண்ணீர் பம்பு வியாபாரம். மர்வாத்துக்குப் பன்னிரண்டு பம்புகள் அனுப்பியதற்கு அந்நாட்டு அமைச்சகம் ஒரு நன்றிக் கடிதம் எழுதியது. அதில் 'எங்கள் கௌரவத்துக்குரிய நண்பர்' என்று ஒரு வரி இருந்தது. நண்பருக்கும் தூதருக்கும் இடையே உள்ள தூரம் அச்சகம் வரைக்கும்தான் என்று கிருஷ்ணசாமி கண்டுபிடித்தார். மறுவாரமே விசிட்டிங் கார்டு வந்துவிட்டது. கௌரவத் தூதர் என்பதன் கீழே பொறியியல் வல்லுநர் என்றும் போட்டுக்கொண்டார். காகிதத்தில் இடம் இருந்தது. மர்வாத்துக்காரர்களுக்கும் சிட்னியில் இலவசமாக ஓர் ஆள் கிடைத்ததில் ஆட்சேபணை எழவில்லை.

பரமட்டாவில் ஒரு கட்டில் கடைக்கு மேல் மாடியில் தூதரகம். வெள்ளைக்காரர்கள் அவரை அரபுக்காரர் என்றே நினைத்தார்கள். அவரும் வணக்கத்துக்கு "மர்ஹபா" என்பார், நன்றிக்கு "ஷுக்ரன்" என்பார், பிறகு ஆழ்ந்த மௌனத்தில் இருப்பார். அந்த மௌனத்தில் மீதி அரபு முழுவதும் இருப்பதாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தத் தூதரகத்தின் ஒரே ஊழியர் சத்தியபாமா. யாழ்ப்பாணத்துப் பெண், தட்டச்சும் அவள்தான், தேநீரும் அவள்தான், தூதரின் ஆங்கிலமும் அவள்தான். அவளுடைய கணவன் சிறிதரன் நீர்ப் பொறியியலாளன். சிட்னிக்கு வந்தபோது அவனுடைய பட்டத்தை இங்கே யாரும் மதிக்கவில்லை. லிட்கம்மில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். கிருஷ்ணசாமி அவனைப் பிடித்து, "தம்பி, ஆறே மாசம். எஞ்சினியர் வேலை. கௌரவமா போயிட்டு கௌரவமா வாங்க" என்று மர்வாத்துக்கு அனுப்பினார்.

அதற்கு இப்போது இருபது மாதம் ஆகிறது. சிறிதரனுடைய கடவுச்சீட்டு அமைச்சகத்தின் இரும்புப் பெட்டியில் இருந்தது. அந்நாட்டுச் சட்டம் எளிமையானது: பதிலாள் வந்து சேராமல் பழைய ஆள் கிளம்பக் கூடாது, ஆளை அனுப்பியவரே பதிலாளையும் அனுப்ப வேண்டும். பதிலாள் தயார், சிறிதரனை விடுங்கள் என்று கேட்டு ஐந்து கடிதங்களை, கிருஷ்ணசாமி சொல்லச் சொல்ல, சத்தியபாமா தட்டச்சு செய்திருந்தாள். பதில் ஒன்றும் வரவில்லை. சிறிதரனின் கடைசிக் கடிதத்தில், 'இஞ்ச தமிழ் கதைக்க ஆளில்லை. நேற்று பம்போட கதைச்சனான். நல்லாய்க் கேட்டுக்கொண்டிருந்தது' என்று எழுதியிருந்தான். அவள் அதைப் பஸ்ஸில் வாசித்துச் சிரித்தாள். பிறகு இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி நாலு தரிப்பு போய்விட்டாள்.

அக்டோபரில் மர்வாத்தின் வணிக அமைச்சர், அரச குடும்பத்து ஷேக் ஒருவர், சிட்னிக்கு வரப்போவதாகத் தந்தி வந்தது. நகரத்துப் பெரிய ஹோட்டலில் கூட்டம். இருநூறு முதலீட்டாளர்கள். கிருஷ்ணசாமிக்குத் தலைகால் புரியவில்லை. 'பாலைவனத்தின் புன்னகை' என்ற தலைப்பில் பளபளப்பான கையேடு ஒன்று தயாரானது. 'கண்ணாடி போன்ற சாலைகள். திருடன் இல்லாத தெருக்கள். ஆஸ்திரேலிய நிபுணரின் நேர்பார்வையில் இனிய குடிநீர்.' அந்த நிபுணரின் படமும் இருந்தது. தொப்பி போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் குழாயைப் பார்க்கிறார். முகத்தைக் காட்டினால் ஆஸ்திரேலிய நிறம் போதாது என்று கிருஷ்ணசாமி கருதியிருந்தார். சத்தியபாமாவுக்கு அந்த முதுகைத் தெரியும்.

அந்தப் படத்தைத் தேடி அவருடைய மேசை இழுப்பறையைத் திறந்தபோதுதான் ஐந்து கடிதங்களும் கிடைத்தன. உறை ஒட்டி, தபால்தலை ஒட்டி, ஒன்றன் மேல் ஒன்றாக, சமத்தாக.

"சேர், இதுகள் போகேல்லையோ?"

கிருஷ்ணசாமி கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டே பார்த்தார். "அதுவா? யோசிச்சுப் பாரும்மா. அவரு கிளம்பிட்டா கையேட்டுல யாரைக் காட்டறது? கூட்டம் முடியட்டும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருசமோ! அந்த மனுசன் அங்க தனிய..."

"தனியா என்ன தனியா? சொர்க்கத்துல இருக்கற புருஷனை எவளாவது திரும்பக் கூப்பிடுவாளா?" என்று அவர் சிரித்தார். தன் நகைச்சுவை அவருக்கு எப்போதும் பிடிக்கும்.

"உங்களுக்கு விளங்காது சேர்."

"என்னது! என்னையா விளங்காதுங்கற? வேலை குடுத்த மனுஷனைப் பாத்து சாபமா விடற?"

யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லுக்குப் 'புரியாது' என்று பொருள். கோயம்புத்தூரில் 'உருப்படமாட்டாய்' என்று பொருள். மற்ற நாளாக இருந்தால் அவள் விளக்கியிருப்பாள். அன்றைக்கு இரண்டு ஊர்ப் பொருளிலும் சொன்னதால் பேசாமல் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் கிருஷ்ணசாமியே அவளிடம் வந்தார். குரலில் தேன்.

"சத்தியா, ஷேக் முன்னாடி நாலு வார்த்தை அரபில பேசினா நல்லாருக்கும். எனக்கு அரபு தெரியும்தான். வாசிக்கத்தான் டச் விட்டுப்போச்சு. யாரையாவது பிடிச்சு நல்லதா ஒரு உரை எழுதி வாங்கி, தமிழ் எழுத்துல எழுதிக் குடு. உச்சரிப்புக்கு மட்டும்."

"என்ன எழுதவேணும் சேர்?"

"மர்வாத் மேல எனக்கிருக்கற பாசம். உருக்கமா இருக்கணும். அந்தாளு கண்ணுல தண்ணி வரணும்."

"வரும் சேர்" என்றாள் சத்தியபாமா.

லிட்கம்மில் அவளுடைய வீட்டுக்குக் கீழே ஒரு லெபனான்காரரின் ரொட்டிக்கடை. கடைக்காரரின் மனைவி உம் கரீம் பெய்ரூட்டில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவள். சண்டைக்குத் தப்பி வந்து இங்கே மாவு பிசைகிறாள். சத்தியபாமா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்ல, உம் கரீம் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள். கதை முடிந்தபோது கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டு, "அந்த ஆள் அர்த்தம் கேட்க மாட்டானா?" என்றாள்.

"கேட்டால் அரபு தெரியாது என்றாகிவிடும். கேட்கமாட்டார்."

"உன் கணவர் பெயரை எழுதாதே. பெயர் கண்ணில் படும். 'உங்கள் நீர் நிலையத்தில் இருக்கும் அந்நியர்' என்று போடுவோம். அங்கே வேறு அந்நியர் உண்டா?"

"இல்லை."

"அப்படியென்றால் உட்கார். ஊரை விட்டு வந்ததிலிருந்து நான் நல்ல அரபு எழுதவில்லை. இந்தக் கழுதைக்காக எழுதுகிறேன்."

உம் கரீம் ஒவ்வொரு வரியாக வாசிக்க, சத்தியபாமா தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டாள். 'ஹுதூனீ மகானஹு' என்ற இடத்தில் உம் கரீம் நிறுத்தி, அதை மூன்று முறை சொல்லச் சொன்னாள். "இது தெளிவாக வரவேண்டும். மற்றதெல்லாம் உளறினாலும் பரவாயில்லை."

கிருஷ்ணசாமி ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடம் செய்தார். ஒரே ஒருமுறை சந்தேகம் வந்தது.

"இது என்னம்மா, முஹந்திஸ், முஹந்திஸ்னு ரெண்டு தடவை வருது?"

"பொறியியலாளர் எண்டு சேர். ஒண்டு உங்களைச் சொல்லுறது."

"தெரியும், தெரியும். சும்மா கேட்டேன்" என்று மகிழ்ச்சியோடு திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தார்.

கூட்டத்தன்று ஹோட்டல் மண்டபம் நிறைந்திருந்தது. கம்பளி வியாபாரிகள், சிமெந்து முதலாளிகள், இலவச மதிய உணவுக்கு வந்த சில உண்மையான முதலீட்டாளர்கள். கிருஷ்ணசாமி முதலில் ஆங்கிலத்தில் முழங்கினார். மர்வாத்தின் காற்று நுரையீரலுக்கு மருந்து என்றார். மனிதன் வாழத் தகுந்த இடம் உலகத்தில் ஒன்றுதான் என்றார். சிட்னியில் தாம் இருப்பது கடமைக்காக மட்டுமே, மனம் அங்கேதான் என்றார். பிறகு ஷேக் பக்கம் திரும்பி, மார்பில் கைவைத்து, கண்ணை அரைவாசி மூடி, அரபில் தொடங்கினார்.

ஷேக் முதலில் மரியாதைக்குக் கேட்டார். பிறகு முன்னால் சாய்ந்து கேட்டார். 'ஹுதூனீ மகானஹு' வந்தபோது, கிருஷ்ணசாமி அதைக் கோயில் மணி போலத் தெளிவாக அடித்தார். ஷேக் எழுந்து நின்றார். கண்ணில் தண்ணீர். சொன்னபடி வந்துவிட்டது. அவர் மேடையைக் கடந்து வந்து தூதரின் இரண்டு தோள்களிலும் முத்தமிட்டு, நீளமாக ஏதோ சொன்னார்.

ஷேக்கின் மொழிபெயர்ப்பாளன் ஒலிவாங்கியைப் பிடித்தான். "சீமான்களே, சீமாட்டிகளே! திரு. கிருஷ்ணசாமி தானும் ஒரு பொறியியலாளர் என்றும், எங்கள் நீர் நிலையத்தில் நெடுநாள் உழைத்த அந்நியரை அவர் குடும்பத்திடம் அனுப்பிவிட்டு, அவர் இடத்தில் தன்னை எடுத்துக்கொள்ளும்படியும், மறுத்தால் தனக்கு அவமானம் என்றும் வேண்டியிருக்கிறார். இப்படி ஒரு மனிதரை ஷேக் பார்த்ததில்லை. வேண்டுகோளை ஏற்கிறார். பத்து நாளில் அவர் எங்களோடு புறப்படுகிறார்."

மண்டபம் இடிந்து விழுவது போலக் கைதட்டல். கம்பளி வியாபாரி ஒருவர் மேடைக்கு ஏறி வந்து அவர் முதுகில் அறைந்து வாழ்த்தினார்.

கிருஷ்ணசாமியின் உதடு சிரித்தபடி இருந்தது. குரல் மட்டும் பக்கத்தில் நின்ற சத்தியபாமாவிடம் வந்தது. "ஏம்மா... என்னம்மா இது?"

"நீங்கள் கேட்டதைத் தந்திட்டார் சேர்."

"நான் எங்கம்மா கேட்டேன்?"

"அரபியில கேட்டனீங்கள். நல்ல வடிவாக் கேட்டனீங்கள்."

"பாவி! தப்பா வாசிச்சுட்டேன்னு சொல்லு. போய்ச் சொல்லு."

"நான் சொன்னா நம்பமாட்டினம். நீங்களே சொல்லுங்கோ. எனக்கு அரபு ஒரு சொல்லும் தெரியாது, ரெண்டு வருசமாச் சும்மா நடிச்சனான் எண்டு சொன்னாச் சரி. மைக் அந்தா இருக்கு."

அவர் ஒலிவாங்கியைப் பார்த்தார். இருநூறு முகங்களைப் பார்த்தார். முன்வரிசையில் புகைப்படக்காரன் ஒருவன் முழங்காலிட்டிருந்தான். ஒரு மனிதன் தன் மானத்துக்காக உயிரைக் கொடுப்பான் என்று புத்தகங்களில் இருக்கிறது. கிருஷ்ணசாமி தன் பொய்க்காக அதைச் செய்தார். மார்பில் கைவைத்துத் தலைகுனிந்து, "ஷுக்ரன்" என்றார்.

வீட்டில் அவருடைய மனைவி வேதவல்லி பெட்டி கட்டிக் கொடுத்தாள். கூடப் போகவில்லை. "மனுஷன் வாழத் தகுந்த இடம் அது ஒண்ணுதான்னு பேப்பர்ல போட்டிருக்கே. நான் இந்த மட்டமான ஊர்லயே இருந்து சமாளிச்சுக்கறேன். நீங்க நல்லபடியா போயிட்டு வாங்க" என்றாள். ஊறுகாய் மட்டும் இரண்டு பாட்டில் வைத்தாள்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை காலை விமான நிலையத்தில் சிறிதரன் வந்து இறங்கினான். கறுத்து, மெலிந்து, ஒரு சின்னப் பெட்டியோடு. சத்தியபாமா அவனுடைய சட்டைக் கையைப் பிடித்தாள், பிடித்ததை விடவில்லை.

"அவரைக் கண்டனீங்களோ?" என்று கேட்டாள்.

"ஓம். நான்தான் எல்லாம் காட்டிக் குடுத்தனான். பம்பைத் திறக்கத் தெரியாது அந்தாளுக்கு. ரெண்டாம் நாள் என்ர கையைப் பிடிச்சு, 'தம்பி, எனக்கு எப்ப பதிலாள் வரும்?' எண்டு கேட்டவர்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஆளை அனுப்பினவர்தான் பதிலாளையும் அனுப்பவேணும் எண்டனான். 'என்னை அனுப்பினது யாரு?' எண்டு கேட்டார்." சிறிதரன் பெட்டியைக் கைமாற்றிக்கொண்டான். "பாவமாத்தான் இருந்தது, சத்தியா. வாசல்ல நிண்டு கையசைச்சுக்கொண்டே இருந்தவர்."

சத்தியபாமா தன் நெஞ்சுக்குள் எங்காவது பாவம் இருக்கிறதா என்று நேர்மையாகத் தேடிப் பார்த்தாள். இருபது மாதத்தில் அது எங்கோ தீர்ந்துபோயிருந்தது.

"ஓம், பாவம்தான்" என்றாள். "கெதியா நடவுங்கோ. பஸ் போயிடும்."