கட்டத்துக்குள் அக்கா வீட்டு நம்பர்

மாநகராட்சி அலுவலகத்தில் அவரை முகத்துக்கு நேரே கமா சார் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் வெறும் கமா. நகரவாசிகளுக்குப் போகும் எந்த அறிவிப்பும் அவர் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது நாலைந்து கமாவாவது கூடியோ குறைந்தோ போகும். பத்தொன்பது வருஷமாக இதே பிழைப்பு.

வருஷத்துக்கு ஒரு முறை வரும் குளிர்கால மடலில்தான் அவருக்குப் பெருமை அதிகம். நாலே பக்கம். எந்தத் தெருவில் எந்தக் கிழமை பனி தள்ளுவார்கள், அன்றைக்கு வண்டியை எந்தப் பக்கம் நிறுத்தக் கூடாது, ஹீட்டர் கெட்டுப் போனவர்கள் பகலில் வந்து உட்கார எந்த நூலகம் திறந்திருக்கும், எல்லாம் அதில் இருக்கும். கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி ஒரு போன் நம்பர். வயதானவர்களும் உடம்புக்கு முடியாதவர்களும் அதற்குக் கூப்பிட்டால் ஆட்கள் வந்து வாசற்படிப் பனியை அள்ளிப் போட்டுவிட்டுப் போவார்கள். மற்ற மூன்று பக்கமும் இல்லாவிட்டாலும் ஊர் ஓடும். அந்தக் கட்டம் இல்லாவிட்டால் சில பேர் வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

அந்த நம்பர் வருஷா வருஷம் மாறும், அதுவும் கடைசி நிமிஷத்தில்தான் கைக்கு வரும். அதுவரை கட்டத்தைக் காலியாக விட்டால் கீழே இருப்பதெல்லாம் மேலே ஏறிப் பக்கமே கோணிக்கொள்ளும். அதனால் கமா ஏதோ ஒரு நம்பரைப் போட்டு வைப்பார். ஏதோ ஒன்று என்ன, எப்போதும் அக்கா வீட்டு நம்பர்தான். அவர் பிறந்து வளர்ந்த வீடு, அப்பா காலத்திலிருந்து மாறாத நம்பர், யோசிக்காமலே விரல் அடித்துவிடும். சரியான நம்பர் வந்ததும் மாற்றிவிடுவார். இந்த வருஷமும் சரியான நம்பர் வந்தது. மாற்றத்தான் மறந்துவிட்டார்.

நாற்பதாயிரம் பிரதி அச்சாகி வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. தன் வீட்டுக் கதவில் செருகியிருந்ததைக் கமா பிரிக்கவே இல்லை. அச்சான பிறகு எதையும் படிக்க மாட்டார். தப்பு கண்ணில் பட்டால் அப்புறம் தூக்கம் போய்விடும் என்று பயம். ஊருக்கெல்லாம் படிக்கச் சொல்லி அனுப்புகிற மனுஷனுக்கு இப்படி ஒரு வழக்கம்.

மறுநாளே பனி பிடித்துக்கொண்டது. ஒன்பது நாள் விடாமல் கொட்டியது.

பத்தாம் நாள் காலை இயக்குநர் அம்மா அறையில் கூட்டம். பனி தள்ளும் பிரிவின் மேஸ்திரி கையைப் பிசைந்துகொண்டு சொன்னார்: "மேடம், இந்த வருஷம் படியில கிடக்கற பனியை அள்ளித் தாங்கன்னு ஒரு போன்கூட வரல. போன வருஷம் முதல் வாரமே நூறைத் தாண்டிடுச்சு."

"ஊர்ல எல்லாரும் ஒரே ராத்திரியில குமரனாயிட்டாங்களா?" என்று கேட்ட இயக்குநர் அம்மா, மடலைப் புரட்டி மேஸ்திரியிடம் நீட்டினார். "இது உங்க நம்பர்தானே?"

மேஸ்திரி கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "இல்லையே."

கமா எட்டிப் பார்த்தார். ஒளிக்கவில்லை, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். "எங்க அக்கா வீட்டு நம்பர், மேடம். சும்மா போட்டு வச்சது. மாத்த மறந்துட்டேன். என் தப்புதான்."

திட்டு விழும் என்று தலையைக் குனிந்தார். விழவில்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் தப்பு, மனுஷன்தானே என்று இயக்குநர் அம்மா விட்டுவிட்டார். "ஆனா ஒண்ணு கேக்கணும். ஒன்பது நாளா ஊரே அவங்க வீட்டுக்குப் போன் பண்ணியிருக்கும். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையா? முதல் நாளே சொல்லியிருந்தா அன்னிக்கே சரி பண்ணியிருக்கலாமே?"

கமாவின் சட்டைப் பையில் போன் இருந்தது. அதில் அக்காவின் பதினொரு அழைப்பு இருந்தது. ஒன்றைக்கூட அவர் எடுக்கவில்லை. அக்கா பேச ஆரம்பித்தால் முழங்கால் வலியில் தொடங்கி, எதிர்வீட்டுப் பூனை வழியாகப் போய், சாப்பிட்டியா என்பதில் வந்து நிற்க முக்கால் மணி நேரமாகும். அவள் வீட்டுக்காரர் காலமானபின் பேச்சு இன்னும் நீண்டுவிட்டது. அப்புறம் பேசலாம், அப்புறம் பேசலாம் என்று ஒவ்வொரு முறையும் போனைக் கவிழ்த்து வைத்தார். மூன்று பஸ் நிறுத்தம் தள்ளியிருக்கும் வீட்டுக்குப் போய் எட்டு மாசமாகியிருந்தது.

"விசாரிச்சுட்டு வந்து சொல்றேன், மேடம்" என்றார். தன் போனில் கிடப்பதைப் போய் யாரிடம் விசாரிப்பதோ.

பஸ்ஸில் உட்கார்ந்து அந்தப் பதினொன்றையும் பார்த்தார். கட்டைவிரல் அழிக்கும் குறி வரைக்கும் போயிற்று. அழிக்கவில்லை. நேர்மை என்று சொல்ல ஒன்றுமில்லை, அதற்குள் நிறுத்தம் வந்துவிட்டது.

அக்கா வீட்டுப் படியில் முழங்கால் உயரத்துக்குப் பனி. ஒரு காலடித் தடம்கூட இல்லை. கம்பியைப் பிடித்து, ஷூவுக்குள் ஈரம் இறங்க இறங்க ஏறினார். கதவைத் தட்டினால், "திறந்துதான் இருக்கு" என்று குரல் வந்தது. அக்கா போன் பக்கத்தில் நாற்காலி போட்டு, காலைச் சின்ன முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, இரு என்று கையைக் காட்டிவிட்டுப் போனில் பேச்சைத் தொடர்ந்தாள். "எத்தனை படிம்மா? ஏழா? பால் இருக்கா வீட்ல? பக்கத்து வீட்டுக்காரர் நம்பர் இருந்தா குடுங்க, நான் பேசிப் பார்க்கறேன்."

மடியில் ஒரு பழைய நோட்டு. கமா வாங்கிப் பார்த்தார். எண்பத்து நாலு வீடு. ஒவ்வொன்றுக்கும் விலாசம், எத்தனை படி, என்ன முடியவில்லை, மருந்து எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று குண்டு குண்டாக எழுதியிருந்தாள். முப்பத்தொன்றுக்கு டிக் போட்டிருந்தது. அக்கம்பக்கத்தில் யாரையோ கெஞ்சி அள்ளச் சொன்ன வீடுகள் அவை.

அவர் உடனே மேஸ்திரியைக் கூப்பிட்டு மீதி விலாசங்களைப் படித்தார். நாற்பதாவது வீட்டில் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது.

"அது வேண்டாம்" என்றாள் அக்கா, போனை வைத்துவிட்டு. "பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். நாலு தடவை கூப்பிட்டார். என் தம்பி அங்கதான் வேலை பார்க்கறான், சொல்லி ஆள் அனுப்பறேன்னு நாலு தடவையும் சொன்னேன். பார்த்தார், தானே மண்வெட்டியைத் தூக்கிட்டு இறங்கிட்டார். வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைஞ்சு ஆஸ்பத்திரியில இருக்கார்."

கமா படிப்பதை நிறுத்தினார். அந்தப் பக்கம் மேஸ்திரி "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார். நாற்பத்தொன்றிலிருந்து விட்ட இடத்தைப் பிடித்துப் படித்து முடித்தார்.

"ஆபீஸுக்காவது போன் பண்ணியிருக்கலாமே, அக்கா" என்றார். தான் கேட்கக் கூடாத கேள்வி என்று கேட்டபின்தான் உறைத்தது.

"பண்ணாம இருப்பேனா? ஒரு பொம்பளைக் குரல் ஒண்ணை அமுக்கு, மூணை அமுக்குன்னுது. அமுக்கி அமுக்கிக் கடைசியில பார்த்தா, பனிக்கு இந்த நம்பரைக் கூப்பிடுங்கன்னு எங்க வீட்டு நம்பரையே சொல்லுது!" அக்கா குலுங்கிச் சிரித்தாள். அந்த அறிவிப்பையும் அச்சுக்கு முன்பே மடலைப் பார்த்து எழுதிக் கொடுத்தவர் கமாதான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "உனக்கும் எத்தனை தடவை அடிச்சேன்! நீ எடுக்கல. உடம்புக்கு ஏதாவது ஆயிடுச்சோன்னு நடுங்கிப் போயிட்டேன்டா. வந்து பார்க்கலாம்னா இந்தக் காலை வச்சுக்கிட்டுப் படி இறங்க முடியல" என்றாள்.

"வேலை ஜாஸ்தி, அக்கா."

"அதான். நான்தான் கண்டதையும் நினைச்சுட்டேன்."

ஒரு சுடுசொல் சொல்லியிருக்கலாம். அறைந்திருந்தாலும் தாங்கியிருப்பார். இப்படி அவர் சொன்னதை அப்படியே நம்பி, தன்மேலேயே போட்டுக்கொண்டது அவரைக் கூசவைத்தது.

அப்போது அவர் போன் அடித்தது. இயக்குநர் அம்மா. மேஸ்திரி எல்லாம் சொன்னார், ஆட்கள் கிளம்பிவிட்டார்கள், அக்காவிடம் ஒரு நிமிஷம் பேச வேண்டும், ஸ்பீக்கரில் போடுங்கள் என்றார். கமா போட்டார்.

"அம்மா, பெரிய உதவி பண்ணியிருக்கீங்க. தப்பா நினைக்காதீங்க, அறிக்கையில எழுதணும், அதான் கேக்கறேன். இத்தனை போன் வந்தும் தம்பிகிட்ட ஏன் சொல்லல?"

அக்கா கமாவைப் பார்த்தாள். கமாவுக்கு வாய் திறந்தது. அவங்க பதினொரு தடவை கூப்பிட்டாங்க, நான்தான் எடுக்கல. மொத்தமே அவ்வளவுதான் வார்த்தை. நாக்கு நுனி வரை வந்தது.

"அதை ஏன் கேக்கறீங்க, மேடம்" என்றாள் அக்கா. குரலில் திடீரென்று பத்து வயது கூடியிருந்தது. "சொல்லணும் சொல்லணும்னு நினைப்பேன், அடுத்த போன் வந்துடும், மறந்துடுவேன். வயசாயிடுச்சுல்ல? அவன்கிட்ட சொல்லியிருந்தா உடனே ஓடி வந்திருப்பான்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "பரவாயில்லம்மா, நான் அப்படியே எழுதிக்கறேன். கமா சார், இருக்கீங்களா? பாவம், பெரியவங்க. இதுக்காக அவங்களைத் திட்டாதீங்க."

அக்கா அவர் கையைத் தட்டி, பதில் சொல் என்று ஜாடை காட்டினாள்.

"சரி, மேடம்" என்றார் கமா.