தூதரகம் மாறிய ஞாயிற்றுக்கிழமை

பட்டிமன்றத்துக்குத் தலைப்புத் தேடிப் பழைய மாணவர் சங்கம் கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டது. ஊர் அரசியலைத் தொட்டால் கதிரை பறக்கும். கோயிலைத் தொட்டால் சங்கம் இரண்டாகும். ஏற்கெனவே ஒரு முறை ஆகியிருந்தது. சீதனத்தைத் தொட்டால் சாப்பாட்டுக்கு ஆள் வராது. அந்த நேரம் பார்த்து, 1995 ஒக்ரோபரில், அமெரிக்கக் காங்கிரஸ் இஸ்ரேலிலுள்ள தன் தூதரகத்தை டெல் அவீவிலிருந்து ஜெருசலேமுக்கு மாற்றச் சொல்லிச் சட்டம் நிறைவேற்றியது. சங்கத்துக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. கனடாவும் மாற்றலாமா, கூடாதா? ரொறன்ரோவில் எந்தத் தமிழனுக்கும் ஜெருசலேமில் காணி கிடையாது. சண்டை வராது.

சீட்டுக் குலுக்கி அணி பிரித்தார்கள். புனிதவதிக்கு ‘மாற்ற வேண்டும்’ வந்தது. அவள் கணவர் சச்சிதானந்தனுக்கு ‘மாற்றக் கூடாது’.

புனிதவதி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கோடை தொடங்கி வீட்டில் நடக்கிற பட்டிமன்றத்தில் அணிகள் நேர்மாறு. அவருக்கு நகருக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கிக் குடிபோக வேண்டும். அவளுக்கு நகர நடுவில் இப்போது இருக்கிற சென் ஜேம்ஸ் ரவுண் மாடிவீட்டை விட்டு அசைய மனமில்லை. இங்கே வேலைக்கு நடந்தே போகலாம். கறிவேப்பிலை முடிந்தால் பக்கத்துக் கதவைத் தட்டி அன்ரனெற்றிடம் வாங்கலாம். அங்கே ஒரு பை பால் வாங்கவும் கார் வேண்டும். அவளுக்குக் கார் ஓடத் தெரியாது. வீடு விற்கிற ஜனார்த்தன் திங்கட்கிழமை கையெழுத்து வாங்க வருகிறான். பட்டிமன்றம் அதற்கு முதல்நாள்.

மனுசன் விவாதத்தில் தோற்றுப் பழக்கமில்லாதவர். வெல்லட்டும். மாறக் கூடாதென்பதற்கு எத்தனை காரணம் உண்டோ அத்தனையையும் சபையறியச் சொல்லட்டும். அதையே திருப்பி அவரிடம் நீட்டலாம். அப்படி நினைத்து அவள் வேண்டுமென்றே சோம்பலான சில குறிப்புகளை எழுதி வைத்துக்கொண்டாள்.

தேவாலயத்தின் நிலவறை மண்டபத்தில் பட்டிமன்றம். நடுவர் அருள்நாயகம். ஆயுள் காப்புறுதி முகவர், சபையில் பாதிப்பேரின் உயிர் அவர் கையில் இருந்ததால் தீர்ப்பை யாரும் எதிர்ப்பதில்லை.

சச்சிதானந்தன் எழுந்தார். “ரெண்டுபேர் உரிமை கேக்கிற காணிக்குள்ளை மூண்டாமவன் போய்க் கொட்டில் போட்டா என்ன நடக்கும்? எங்களுக்குத் தெரியாத காணி வழக்கோ?” கைதட்டல். பதினாறு வருடத்துக்கு முன் இதே நாட்டுப் பிரதமர் ஒருவர் மாற்றுகிறேன் என்று சொல்லிப் பிறகு பின்வாங்கியதையும் எடுத்துவிட்டார். அத்தோடு இருந்திருக்கலாம்.

“என்ரை மனிசி பாவம்,” என்றார். “சப்வேயிலை ரெயின் மாறவே பயந்து என்ரை கையைப் பிடிக்கிறவ. அவ தூதரகத்தை மாத்தப் போறாவாம்!”

மண்டபம் சிரித்தது. அன்ரனெற்கூடச் சிரித்தாள்.

புனிதவதிக்குக் காது சுட்டது. குறிப்பெழுதிய தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு எழுந்தாள்.

“நடுவர் அவர்களே, ரெயின் மாறப் பயந்தவள்தான். ஒரு நாடு விட்டு இன்னொரு நாடு மாறேக்கை என்ரை கையை ஆரும் பிடிக்கேல்லை. இவர் எனக்கு முந்தியே இஞ்சை வந்திட்டார்.” சிரிப்பு இந்த முறை பக்கம் மாறியது. “ஒருத்தன் இதுதான் என்ரை தலைவாசல் எண்டு சொன்னா, அந்த வாசல்லை போய்த்தானே தட்டவேணும்? பக்கத்து ஊரிலை நிண்டு சுகம் விசாரிக்கிறதோ? மாறாமல் இருக்கிறவைக்கு எப்பவும் ஒரே காரணந்தான். பயம். அதுக்கு அவையள் வைச்சிருக்கிற பேர் சமாதானம்!”

கைதட்டலுக்கு நடுவே அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதை யாருக்குச் சொன்னேன்? ஜெருசலேமுக்கா, சென் ஜேம்ஸ் ரவுணுக்கா?

“எங்கடை ஆக்களுக்கு விசா தராத தூதரகம் எங்கை இருந்தா என்ன?” என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார். அருள்நாயகம் அதைக் கவனியாமல் தீர்ப்புச் சொன்னார்: தூதரகம் மாறுகிறது.

பாழாய்ப்போன வாய், என்று புனிதவதி தன்னையே திட்டிக்கொண்டாள். வென்றும் ஆயிற்று, வீடும் போயிற்று.

வீட்டுக்கு நடக்கும்போது சச்சிதானந்தன் வாய் மூடவில்லை. “தீர்ப்போ உது? காப்புறுதிக்காரனுக்கு என்ன தெரியும்? போறது லேசு. போன இடத்திலை ஆர் எங்களை மதிக்கிறது?”

அவள் அவரை ஓரக்கண்ணால் பார்த்தாள். “புது இடமெண்டா ஒரு மரியாதை வரும்தானே?”

“என்ன மரியாதை? சனமில்லாத இடத்திலை பெரிய கட்டடம் கட்டிப்போட்டுக் குந்தியிருக்கிறதோ?”

“காத்து நல்லமாம்,” என்றாள், லிஃப்டுக்குள்.

“காத்தைக் குடிச்சே சீவிக்கிறது? ஒரு சாமானுக்கும் ஆளனுப்ப வேணும். அயல் சனத்தை விட்டிட்டுப் போறவனுக்கு உறவு என்னெண்டு விளங்குமோ?”

“தீர்ப்புச் சொல்லியாச்சு. நாளைக்குக் கையெழுத்து வைப்பம்.”

“நீர் சொன்னாப்போலை?” சப்பாத்தையும் கழற்றாமல் போனை எடுத்தார். “ஜனார்த்தன், நாளைக்கு வரவேண்டாம் தம்பி. இருக்கிற இடத்திலையே இருக்கிறதுதான் புத்தி. ஓம், ஓம். யோசிச்சுத்தான் சொல்லுறன்.” போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “இப்ப சொல்லும், ஆர் வெண்டது?”

“நீங்கள்தான்.”

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். தெரிந்துதான் செய்தாரோ என்று அவளுக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது. அந்த முகத்தில் அப்படியொன்றும் எழுதியிருக்கவில்லை.

அவள் பல்கனியில் போய் நின்றாள். கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும், பெட்டி கட்டி வாசல்வரை வந்தவளைத் திரும்பிப்போய் இரு என்று சொன்னது போலிருந்தது. சபை முழுவதிலும் அவள் பேச்சை உண்மையாக நம்பிய ஆள் ஒன்றே ஒன்றுதான். அது அவளாக இருந்துவிட்டது.

“இஞ்சாருங்கோ,” என்று உள்ளே பார்த்துக் கேட்டாள். “கார் ஓடுற சோதனைக்குப் படிக்கிற புத்தகம் எங்கை வாங்கலாம்?”

“இப்ப என்னத்துக்கு உது? நாங்கள் ஒரு இடமும் போகேல்லையே.”

“சும்மாதான். பயந்துகொண்டு இருக்கக் கூடாதெண்டு மேடையிலை ஆரோ சொன்னவ.”